சத்தம் போடாத இரண்டு பெட்டிகள்

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மனிதருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது நான்தான். இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு அடைத்திருப்பார். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவது எங்கள் பிழைப்பு. இரண்டாவது மாடியில் நீளமாக ஒரு அறை. பதினோரு மேசை, பதினோரு கம்ப்யூட்டர். கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர். ஒரு வட்டாரத்துக் குழாய் மொத்தமும் ஒரே படத்தில் இருப்பதால் ஒவ்வொன்றும் யானை கனம். அதைத் திறந்தாலும் மூடினாலும் பெட்டிக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும். வேலை இல்லாதபோதாவது சும்மா இருக்குமா என்றால் இருக்காது, உய்யென்று ஒரு ரீங்காரம். போதாக்குறைக்கு மேசையெல்லாம் தகரம், உள்ளே வெற்றிடம். அதன்மேல் பெட்டியை வைத்தால் சத்தம் இரண்டு மடங்கு. பதினாறு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது காதில் விழுவதே இல்லை. வீட்டில் என் மனைவி பேசுவதும் காதில் விழுவதில்லை என்பதால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்.

பஞ்சுவுக்கு மட்டும் அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது போல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தன் கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டார். யாராவது பக்கத்தில் போனால் போச்சு, பிடித்து உட்காரவைத்து வித்தை காட்டுவார். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தட்டிலிருந்து கழற்றி உள்ளங்கையில் ஏந்துவார். ரீங்காரம் நின்றுவிடும். திரும்பத் தட்டில் வைப்பார். ரீங்காரம் வந்துவிடும்.

“பாத்தீங்களா? குத்தம் அது மேல இல்ல. அதை நாலு திருகாணி போட்டு இறுக்கி வெச்சிருக்கோமே, அந்தத் தகரம் மேல. அது சுத்துற அதிர்வு தகரத்துக்குப் போவுது, தகரத்துலேர்ந்து மேசைக்குப் போவுது, மேசையிலேர்ந்து என் மண்டைக்கு வருது” என்பார்.

அதனால் திருகாணியைக் கழற்றி எறிந்துவிட்டு, தையல் கடையில் மீட்டர் கணக்கில் இடுப்பு எலாஸ்டிக் வாங்கிவந்து, பெட்டிக்குள் குறுக்கே கட்டி, டிஸ்க்கை அதில் தொங்கவிட்டார். எந்தப் பக்கமும் தகரம் படாது. பெட்டியை மேசையிலிருந்து இறக்கி, தரையில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டின்மேல் உட்காரவைத்தார். டிஸ்க்கின் முள் மெதுவாக நகரும்படி எதையோ மாற்றி அந்தக் கரகரப்பையும் அடக்கிவிட்டார். அவர் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பெனியின் தொழில்நுட்பம் மொத்தமும் ஜட்டி எலாஸ்டிக்கில் தொங்குகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

எலாஸ்டிக் அவருக்கு எடுத்த எடுப்பில் கைவந்த கலை அல்ல. அதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார். டிஸ்க்கைக் கனமான ஸ்பாஞ்சில் சுற்றி, டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். நல்ல நிசப்தம். காற்றுப் போக வழியில்லாமல் ஒரே வாரத்தில் டிஸ்க் வெந்துபோய், அதிலிருந்த கல்யாண போட்டோ அத்தனையும் போய்விட்டன. அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லுவார், “ஆதாரத்தையே அழிச்சிட்டாரு.”

அந்த வீட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை. கதவு இடுக்கில் கம்பளித் துண்டு. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவைத்திருந்தார், டிக்டிக் என்கிறதாம். எந்நேரமும் நாலேகால் மணியாக இருக்கும் வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அவர் காதுல பஞ்சு இருக்கறதால நான் என்ன வேணா திட்டலாம்” என்றார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் அவர் மனைவியின் தங்கை வந்து சேர்ந்தாள், ஆறு வயதுப் பெண் குழந்தையோடு. கணவன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டான். போனவன் போகட்டும், குழந்தையின் வாயையாவது கொண்டுபோயிருக்கலாம் என்பது பஞ்சுவின் மனக்குறை. அந்தக் குழந்தை சாப்பிடும்போது பேசும், பல் தேய்க்கும்போது பாடும், தூங்கும்போதுகூட யாருடனோ சண்டை போடும். கடிகாரத்துக்குப் பேட்டரியும் போட்டுவிட்டது. இரண்டு அறை வீட்டில் பஞ்சு ஓடி ஒளிய இடமில்லை.

அலுவலகத்தில் ஓர் இடம் காலியானபோது மேனேஜரிடம் மைத்துனிக்காகச் சிபாரிசு செய்தார். அவளுக்குப் படம் போடத் தெரியும், படித்திருக்கிறாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் மேனேஜர். அந்த நிரந்தரக் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். அது இல்லாமல், குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒருவனும் வீடு வாடகைக்குத் தரமாட்டேன் என்கிறான். கடிதம் வந்தால் அவளுக்குச் சொந்தமாக ஒரு கதவு, தாழ்ப்பாள். பஞ்சுவுக்குத் தொலைந்துபோன நிசப்தம். மைத்துனியின் முன்னேற்றத்தில் இவ்வளவு அக்கறை காட்டிய மனிதரை நான் பார்த்ததில்லை.

அந்த அக்கறையில்தான் தப்புச் செய்தார். அவள் மனம் சிதறாமல் வேலை பார்க்கட்டும் என்று, ஒரு சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் போனபிறகு அவள் பெட்டியைப் பிரித்து எலாஸ்டிக் கட்டினார். மேலிடத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கக் கூடாது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் உள்பட, என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே பஞ்சுதான். திங்கட்கிழமை நான் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. எனக்கே ஆசை வந்துவிட்டது. அடுத்தது என் பெட்டி என்று சொல்லிவைத்தேன்.

அவளும் சும்மா சொல்லக் கூடாது, நன்றாக வேலை பார்த்தாள். நாங்கள் வாரத்துக்கு ஆறு படம் முடித்தால் அவள் ஒன்பது முடிப்பாள். அனாவசியமாக ஒரு பேச்சு இல்லை. வீட்டில் அத்தான் என்று கூப்பிடுகிறவரை இங்கே சார் என்று கூப்பிடுவாள், பிசகாமல்.

மூன்றாவது மாதம் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். இவர் இங்கே வருவதற்கு முன் இருபத்தைந்து வருஷம் அச்சகத்தில் இருந்தவர். வந்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் படங்களைத் திறந்து பார்க்க அவருக்குத் தெரியாது. முடித்தவை நேராக மேலிடத்துக்குப் போய்விடும், அவர் கண்ணில் படுவதுமில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருப்பார். தூங்குகிறார் என்றே இத்தனை நாள் நாங்கள் நினைத்திருந்தோம்.

“கேளுங்க” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“என்ன சார்?”

“காதை வெச்சுக் கேளுங்க. ஒன்பது மெஷின் ஓடுது. கரகரன்னு அழகா ஓடுது. அந்தக் கம்ப்யூட்டர் ஆளோட மெஷின் ஓடல, சரி, விடுங்க, அவருக்கு என்ன வேலை. இன்னொண்ணு ஏன் ஓடல? அந்தப் புதுப் பொண்ணு என்னதான் பண்ணிட்டிருக்கு?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓடினால் சத்தம் வரும். சத்தம் நின்றால் எவனோ டீ குடிக்கப் போய்விட்டான் என்று அர்த்தம். மனிதர் இருபத்தைந்து வருஷம் காதாலேயே ஆள் கணக்கு எடுத்துப் பழகியிருக்கிறார். இங்கே வந்தும் அதையேதான் செய்திருக்கிறார்.

“நல்லா வேலை பாக்குற பொண்ணு சார்” என்று இழுத்தேன்.

“பாத்தா சத்தம் வருமே” என்றார். கோப்பில் ‘சுறுசுறுப்புப் போதாது’ என்று எழுதி, எனக்கும் காட்டினார்.

மாடிப்படியில் பஞ்சுவை நிறுத்தி, ஒரு காதிலிருந்து பஞ்சை நானே பிடுங்கி எடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நேரே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அனுமதியில்லாமல் பெட்டியைத் திறந்த குற்றம் முன்னால் வந்து நிற்கிறது. சிபாரிசு செய்தவனுக்கும் வேலை போகும், சிபாரிசில் வந்தவளுக்கும் வேலை போகும்.

“அப்ப எலாஸ்டிக்கைக் கழட்டிடுங்க” என்றேன்.

“கழட்டினா மத்தது மாதிரி ஆவும். மூணு மாசம் சும்மா இருந்தவ, இப்ப எல்லாரையும் போல ஆனாப் போதுமா? எல்லாரையும் விட மேல கேக்கணும்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “என் தங்கச்சிக்கு மட்டும் அந்த வேலை போச்சுன்னா, நான் போடற சத்தம் நீங்க பஞ்சு வெச்சாலும் கேக்கும், பஞ்சு மூட்டை வெச்சாலும் கேக்கும்” என்றாராம்.

அடுத்த சனிக்கிழமை பஞ்சு செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய டிஸ்க்குகள் போட்டுவைத்த டிராயரைத் திறந்து, இருபதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டார். காதில் பஞ்சு இல்லாமல் அவரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மிளகாய் அரைக்கிற மெஷினைப் போன்ற ஒன்று. உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் டிஸ்க். அதை அவள் பெட்டிக்குள் இரண்டாவதாக மாட்டினார். ரப்பர் வளையம் கிடையாது, நாலு திருகாணியும் போட்டுக் கைவலிக்க முறுக்கினார். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கித் தகர மேசையின் நட்டநடுவில் வைத்தார். ஒரே குப்பையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் காலை முதல் மாலைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க ஒரு சின்ன ஏற்பாடு. சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் தானாக நின்றுகொள்ளும். சத்தத்தை அடக்க அவருக்குத் தெரிந்த அத்தனையையும் தலைகீழாகச் செய்து முடித்து, ஸ்விட்சைப் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“எப்படி?” என்று கேட்டார்.

“பிரமாதம்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனசார வருத்தப்பட்டார் பாவம். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன்.

அவளுடைய நிஜமான வேலை எலாஸ்டிக்கில் தொங்கும் டிஸ்க்கில் சத்தமில்லாமல் நடந்தது. சும்மா சுற்றும் டிஸ்க் ஊரைக் கூட்டியது. பக்கத்து மேசைக்காரர் தலைவலி மாத்திரை போட ஆரம்பித்தார். குட்டு ஒரே வாரத்தில் எங்கள் ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் கண்ணை மூடியபடி புன்னகை செய்தார். கோப்பில் ‘முன்னேற்றம்’ என்று ஏறியது. என் பெட்டிக்கு எலாஸ்டிக் கட்டுகிற பேச்சை நான் அப்படியே விட்டுவிட்டேன். என் பெட்டியின் பக்கமே வரவேண்டாம் என்று பஞ்சுவிடம் சொன்னேன்.

ஐந்தாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். முந்தின நாள் அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போய்விட்டாள் போலிருக்கிறது. ஆளில்லாத மேசையில் அது பாட்டுக்குக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் எழுந்து வந்தார். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குட்டு உடைந்தது என்றே நாங்கள் நினைத்தோம். பஞ்சு மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

“லீவுல இருக்கா. வேலை நிக்கக் கூடாதுன்னு மெஷினை ஓடவிட்டுப் போயிருக்கா பாருங்க. இதுக்குப் பேருதான் பொறுப்பு” என்றார் மேனேஜர். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “நீங்களும் இருக்கீங்களே” என்றார்.

ஆறு மாதம் முடிந்தது. மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்து, அவளை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது, ஒரு வாரத்தில் கடிதம் வந்துவிடும் என்றார். நாங்கள் கை தட்டினோம். அவள் அழுதேவிட்டாள். பஞ்சு பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வாடகை வீடு அவர் கண்முன்னால் வந்து நின்றிருக்கும்.

மேனேஜர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பஞ்சுவின் பக்கம் திரும்பினார்.

“நான் வந்து எட்டு மாசமாச்சு. உங்க மூலையிலேர்ந்து ஒரு நாளாவது ஒரு சத்தம் கேட்டதில்ல. மெஷினெல்லாம் ரிப்பேர் ஆனதாவும் தெரியல. நீங்க என்னதான் வேலை பண்றீங்க?”

பஞ்சு வாயைத் திறந்தார். பதினோரு பெட்டியும் ரிப்பேராகாமல் ஓடுவதுதான் ஐயா என் வேலை என்று சொல்லியிருக்கலாம். சத்தம் வராமலிருக்க நான் என்ன பாடுபட்டிருக்கிறேன் தெரியுமா என்று பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டினால் அடுத்த கேள்வி அந்தப் பெண்ணின் பெட்டிக்குப் போகும். கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒன்பது பேர், உண்மை தெரிந்த ஒன்பது பேர், அங்கேதான் இருந்தோம். அவனவன் கவலை அவனவனுக்கு. ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அறையில் அத்தனை பெரிய நிசப்தத்தைப் பஞ்சுவால்கூட உண்டாக்கியிருக்க முடியாது.

“அப்ப உங்களையும் ஆறு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்றார் மேனேஜர். பதினான்கு வருஷ சர்வீஸ்காரரைப் பயிற்சிக்காரராக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாடிப்படியில் அவள் பஞ்சுவைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகம் என்பதையும் மறந்து, “அத்தான், எனக்கு மனசே கேக்கல. நாளைக்கு நான் உண்மையச் சொல்லிடறேன்” என்றாள்.

“முதல்ல கடிதம் வரட்டும். வீடு பாத்துக் குடி போ. உன் மனசாட்சியப் பத்தி அப்புறமாப் பேசலாம்” என்றார் பஞ்சு.

இதைத் தியாகம் என்று அவர் மனைவி சொல்கிறார். சுயநலம் என்று நான் சொல்கிறேன். அந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டது, கொடுத்துவைத்தவர்தான்.

கடிதம் வந்தது. அவள் வீடு மாறிப் போனாள், நான்கு தெரு தள்ளி, இரண்டாவது மாடி, நல்ல வெளிச்சமான வீடு. போய் நான்கு மாதம் ஆகிறது. உண்மையைச் சொல்ல இன்னும் நல்ல நேரம் அமையவில்லை என்கிறாள். குழந்தையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள், அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கரகரக்கிற டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு பிழைத்துப் போங்களேன் என்று நாங்கள் பஞ்சுவிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். அடுத்தவருக்காகச் செய்தது போதும், என் பெட்டியில் அதைச் செய்யமாட்டேன் என்றுவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்கு முதுகெலும்பு இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம், இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி.

அவரைக் கவனித்து வாராவாரம் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி மேனேஜர் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். சீனியர் நான், மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இந்த வாரமும் கொடுத்தாகிவிட்டது. ‘இவர் மெஷினிலிருந்து சத்தம் எதுவும் வருவதில்லை’ என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.